சாயம் போகுமா?

என் அம்மா எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சாயம் போகுமா?" விலையெல்லாம் அதற்கப்புறம். மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் சேலையின் ஓரத்தை இழுத்து, விரலை நாக்கில் தொட்டு நனைத்து, துணியின் மேல் நாலு தேய்ப்புத் தேய்த்து, விரலைப் பார்ப்பாள். அப்புறம் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பாள். "போகவே போகாதுங்கம்மா, கேரண்டி" என்பார் அவர். அம்மாவின் அகராதியில் 'கேரண்டி' என்றால், "முதல் தண்ணியைத் தனியா அலசு" என்று பொருள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீர், ஒரு கை கல்லுப்பு, அதில் சேலை. மதுரைச் சுங்குடிக்கு அரசாங்கம் புவிசார் குறியீடு கொடுத்தது 2005-இல். அம்மாவின் உப்புத் தண்ணீர்ப் பரீட்சையில் அது பாஸ் ஆகி முப்பது வருஷம் கழித்துத்தான் அரசாங்கத்துக்கு அந்த விஷயம் தெரிய வந்திருக்கிறது.

அந்தக் கேள்வி போன மாதம் ஒரு சலூன் நாற்காலியில், தலை நிறையக் கறுப்புச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது.

தலைக்குச் சாயம் போடுவது என் யோசனை இல்லை. என் மைத்துனரின் மகளுக்குக் கல்யாணம். "எங்க அண்ணனுக்கு நீங்க மாப்பிள்ளையா, இல்ல பெரியப்பாவான்னு மண்டபத்துல யாராவது கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன்" என்றாள் மனைவி. ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதனைச் சலூனுக்கு அனுப்ப இந்த ஒரு வாக்கியம் போதும்.

எங்கள் தெரு முனைச் சலூனை முன்பு அப்பா நடத்தினார், இப்போது மகன் நடத்துகிறார். அப்பா காலத்தில் அது வெறும் 'சலூன்'. மகன் காலத்தில் 'ஹேர் ஸ்டுடியோ, யூனிசெக்ஸ்' ஆகிவிட்டது. மகன் என் தலையில் கிண்ணம் கிண்ணமாகக் கறுப்பைப் பூசிவிட்டு, "முப்பத்தஞ்சு நிமிஷம் அசையாம இருங்கண்ணே. கண்ணாடியைக் கழட்டிருங்க, கம்பியில கறை புடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு, கையில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடியில்லாமல் எனக்குப் பத்திரிகையும் பலகையும் ஒன்றுதான். ஆகவே கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, வைர வியாபாரி கல்லைப் பார்ப்பது போல, பக்கத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்க ஆரம்பித்தேன். உலகப் பிரபலங்களை இவ்வளவு சிரத்தையாக வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

சலூனில் பத்திரிகை படிப்பது எனக்குப் புதிதில்லை. எனக்கு எழுத்தறிவித்ததே சலூன்தான். அப்பா காலத்துச் சலூனில் ஒரே ஒரு தினத்தந்தி நாலு பேரிடம் நாலு தாளாகப் பிரிந்து கிடக்கும். கன்னித்தீவு பக்கம் கையில் வந்தவன் அதிர்ஷ்டசாலி. பெஞ்சுக்கு அடியில் அட்டை கிழிந்த 'பேசும் படம்', 'பொம்மை' இதழ்கள் கிடக்கும். முடி வெட்ட வந்தவர்கள் வெட்டி முடிந்த பிறகும் கிளம்ப மாட்டார்கள்.

அன்றைக்குக் கிசுகிசு என்பது குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி. பெயர் போட மாட்டார்கள். "மூன்றெழுத்து நடிகை, மலையோர ஊரில், ஐந்தெழுத்து நாயகனோடு" என்று இருக்கும். சலூன் முழுக்க விரல் விட்டு எழுத்தை எண்ணும். புள்ளி வைத்த எழுத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை நடக்கும். ஒரு தடவை இந்த இலக்கணச் சண்டையில் தீர்ப்புச் சொல்வதற்காக, பாதிக் கன்னம் மழித்த நிலையில் ஒருவரை விட்டுவிட்டு அப்பா சவரக்கத்தியோடு பெஞ்சுப் பக்கம் வந்துவிட்டார். மழிபட்டவரும் நுரையோடு எழுந்து வந்து தன் கருத்தைச் சொன்னார். மெய்யெழுத்தைச் சேர்த்து எண்ண வேண்டும் என்று நான் பள்ளிக்கூடத்துக்கு முன்பே அங்கேதான் கற்றேன்.

பெரியவர்கள் இதைவிடப் பழைய கதை சொல்வார்கள். எம்.கே.தியாகராஜ பாகவதர் பின்கழுத்து வரை முடி வளர்த்தார் என்பதற்காக ஊரிலிருந்த ஆண்பிள்ளைகளெல்லாம் 'பாகவதர் கிராப்பு' வைத்துக்கொண்டு அலைந்த காலம் அது. சலூன்காரர்களுக்குப் பஞ்சம் வந்ததே அவரால்தான் என்று சலூன் அப்பா தன் அப்பா சொன்னதாகச் சொல்வார். சினிமாக்காரர்களைப் பற்றி 'இந்துநேசன்' பத்திரிகையில் கண்டபடி எழுதிய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறைக்குப் போனார்கள். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல்தான் விடுதலை கிடைத்தது. கிசுகிசு என்றால் சும்மா நேரப்போக்கு என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதையைக் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு நாங்கள் மறுபடியும் எழுத்தை எண்ண ஆரம்பித்துவிடுவோம்.

நாகரிகம் எங்கள் தெருவுக்குச் சினிமா வழியாகத்தான் வந்தது. 1985-இல் 'பூவே பூச்சூடவா' வந்த கையோடு நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை என்று புது மண்டபத்துக் கடைகளில் தொங்காத பொருளில்லை. என் அக்கா நதியா கம்மலுக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் அம்மா வாங்கிக்கொடுத்தாள், வழக்கம்போல ஒரு கேள்வியோடு: "இது கறுக்குமா?" துணிக்குச் சாயம், கவரிங்குக்குக் கறுப்பு. எதுவாக இருந்தாலும் நாளைக்கு என்னவாகும் என்பதுதான் அவள் விசாரணை.

சரி, கையிலிருந்த பத்திரிகைக்கு வருகிறேன். அது வழவழப்பான தாள், கனத்த தாள். பிடித்த பிடியில் மணிக்கட்டு வலித்தது. பொருளடக்கத்தைத் தேடினேன். ஒரு கைப்பை, ஒரு கடிகாரம், ஒரு வாசனைத் தைலம், மறுபடி கைப்பை என்று இருபது தாள் புரட்டிய பிறகுதான் அது கண்ணில் பட்டது. நம்மூர்க் கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேஜையைத் தாண்டித்தான் மாப்பிள்ளையைப் பார்க்க முடியும் இல்லையா, அப்படி. தைலப் பக்கத்தில் ஒரு மடிப்பை உரித்தால் வாசனை வரும் என்று போட்டிருந்தது. உரித்தேன். என் தலையிலிருந்த சாயத்தின் வாசனையும் அதுவும் கலந்து, யாரோ மல்லிகைத் தோட்டத்துக்கு வெள்ளையடித்த மாதிரி ஒரு மணம் கிளம்பியது.

இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்தேன். ஒன்று, விளம்பரத்தில் எல்லாக் கடிகாரங்களும் பத்து பத்து காட்டுகின்றன. பல லட்ச ரூபாய்க் கடிகாரமும் சரி, சாதாரணக் கடிகாரமும் சரி, பத்து மணி பத்து நிமிஷம். முள்கள் இரண்டும் சிரிக்கிற வாய் மாதிரி விரிந்து நிற்கும், நடுவில் கம்பெனிப் பெயர் மறையாமல் தெரியும் என்பது காரணம். இரண்டு, சிரிப்பதெல்லாம் கடிகாரங்கள்தான், மனிதர்கள் சிரிப்பதேயில்லை. அந்தப் பெண்களும் பையன்களும் இரண்டு மணி நேரம் ரேஷன் கடை வரிசையில் நின்று, கடைசியில் பாமாயில் தீர்ந்துவிட்டது என்று கேட்டவர்கள் மாதிரியே பார்க்கிறார்கள். போட்டிருக்கிற சட்டையின் விலையை அவர்களிடம் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது.

முப்பத்தைந்து நிமிஷம் முடிந்து தலையை அலசிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன். என் கல்யாணப் போட்டோவில் இருந்தவன் கொஞ்சம் வீங்கிப்போய் நின்றான். "இருபது வயசு குறைஞ்சிருச்சுண்ணே" என்றார் மகன். "பத்திரிகை பழசுதான், வேணும்னா எடுத்துக்கங்க" என்றும் சொன்னார். முகத்தில் இருபது வருஷத்தை இழந்து, கையில் அரைக்கிலோ தாளைச் சுமந்து வீடு வந்தேன்.

வீட்டில் அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எண்பத்தொரு வயது, கண் மட்டும் இன்னும் கூர்மை. என் தலையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகையைப் பார்த்தாள். "என்னடா அது, பொம்மையாப் போட்டிருக்கு?" என்றாள். உலகத்தில் மறக்க முடியாத உடைகள் என்று ஒரு நீளமான கட்டுரை அதில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து படம் காட்டினேன். பெரிய நாகரிக விமரிசகர்கள் பலரின் கருத்து அந்தக் கட்டுரையில் இருந்தது. அம்மாவின் கருத்து இல்லாத குறையை இங்கே நிவர்த்தி செய்கிறேன்.

முதல் படம் பாடகி ரிஹானா. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு மே மாதமும் முதல் திங்கட்கிழமை 'மெட் காலா' என்று ஒரு விருந்து நடக்கும். அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவுக்கு நிதி திரட்டுகிற விருந்து. 2025-இல் ஒரு சீட்டு 75,000 டாலர். சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, அழைப்பும் வேண்டும். நம்மூரில் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டுவிட்டு மொய்யை நம் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அங்கே மொய்த்தொகையை அழைப்பிலேயே அச்சடித்துவிட்ட மாதிரி. 2015 விருந்துக்கு ரிஹானா சீன வடிவமைப்பாளர் குவோ பெய் செய்த மஞ்சள் அங்கியில் வந்தார். செய்து முடிக்க இரண்டு வருஷம், எடை சுமார் 25 கிலோ. படிக்கட்டு முழுக்க வழிந்து கிடந்த அந்த அங்கியை ஆம்லெட் என்று உலகம் கேலி செய்தது.

"பவானி ஜமக்காளமா?" என்றாள் அம்மா.

"கட்டுற துணிம்மா. இருபத்தஞ்சு கிலோ."

"ஒரு சிப்பம் அரிசியா! தூக்குறது யாரு?"

"பின்னாடி மூணு பேரு."

"அது சரி. துவைக்கிறது யாரு?"

பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தைத்தவர் பெயர் இருக்கிறது, கல் பதித்தவர் பெயர் இருக்கிறது, செருப்பு யாருடையது, கம்மல் யாருடையது, கூந்தலை வாரியவர் யார், எல்லாம் இருக்கிறது. துவைத்தவர் பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அம்மா படத்தை ஒரு தரம் திரும்பப் பார்த்தாள். "மஞ்சளு வெயில்ல நிக்காது" என்று சொல்லி அந்தப் பக்கத்தை முடித்துவைத்தாள்.

அடுத்தது இன்னொரு பாடகி, லேடி காகா. 2010 செப்டம்பரில் எம்.டி.வி. விருது விழாவில் அவர் மேடையேறியது முழுக்க முழுக்க மாட்டிறைச்சியால் செய்த உடையில். தொப்பி, செருப்பு, கைப்பை எல்லாமே கறி.

"இது என்ன துணி? பட்டு மாதிரி மின்னுது."

"துணி இல்லம்மா. கறி."

கீரை ஆய்கிற கை நின்றது. கண்ணைச் சுருக்கி இன்னொரு தரம் பார்த்தாள். நான் ஒரு பிரளயத்தை எதிர்பார்த்தேன்.

"கழுவினாங்களா?" என்றாள்.

விழா முடிந்து அந்த உடையைப் பதப்படுத்தி, உலர வைத்து, மறு வருஷம் கிளீவ்லாந்தில் உள்ள இசை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள் என்று கட்டுரை சொன்னது. உலர வைத்த இறைச்சிக்கு அவர்கள் ஒரு பெயர் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் உப்புக்கண்டம். "மஞ்சளும் உப்பும் தடவி மொட்டை மாடியில நாலு நாள் போட்டா ஆச்சு. இதுக்குக் கண்ணாடிப் பெட்டி வேறயா?" என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்தப் புஸ்தகத்துலயே சாயம் போகாதது இது ஒண்ணுதான்" என்று மதிப்பெண் போட்டாள்.

மூன்றாவது படத்துக்கு மனைவியும் அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். 1962 மே மாதம் ஜனாதிபதி கென்னடிக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாட மர்லின் மன்றோ போட்டிருந்த உடை. அவருடைய உடம்போடு வைத்தே தைத்தார்கள் என்பார்கள், அவ்வளவு ஒட்டிய உடை. 2016-இல் ஒரு அருங்காட்சியக நிறுவனம் அதை 48 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்தது. 2022 மெட் காலாவுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் அதை இரவல் வாங்கினார். உடைக்குள் நுழைய மூன்றே வாரத்தில் ஏழு கிலோ இளைத்தாராம். படிக்கட்டில் சில நிமிஷம் அதோடு நின்றுவிட்டு, உள்ளே போய் அதே மாதிரி நகல் ஒன்றுக்கு மாறிவிட்டார். முதுகுப் பக்கம் ஒரு வெள்ளை ரோமச் சால்வை தொங்கியது.

நான் கண்ணாடியைக் கண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டு சால்வையின் அழகை வியந்தேன். மனைவி ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"பின்னாடி மாட்டலை" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"இந்த ஜூன் வெக்கையில என் தங்கச்சி வளைகாப்புல நான் எதுக்குச் சால்வை போத்தினேன்னு நினைச்சீங்க?"

உண்மைதான். ஜிப் மேலே ஏறாத விஷயம் கட்டுரையிலேயே கீழே பொடி எழுத்தில் இருந்தது. இத்தனை கோடி உடையில் இப்படி ஒரு குறையா என்று நான் வியக்க, மனைவிக்கு வேறு ஒரு ஆதங்கம். "நம்ம டெய்லர் ஜாக்கெட்டுக்கு உள்ளாற மூணு தையல் விட்டுத் தைப்பாரு. குழந்தை பொறந்தா ஒண்ணு பிரிக்கலாம், அதுக்கப்புறம் ஒண்ணு. அந்தம்மாவுக்கு அப்படி யாரும் விட்டுத் தைக்கலையே" என்றாள். ஏழு கிலோ குறைப்பதா, ஒரு தையல் பிரிப்பதா என்று வந்தால் தமிழ்நாட்டுப் பெண்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதில் சந்தேகமேயில்லை. அம்மா மட்டும், "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்சாளாம்" என்ற பழமொழியை ஒரு மொழிபெயர்ப்பும் இல்லாமல் நியூயார்க்குக்கு அனுப்பினாள்.

மெட் காலாவில் எல்லோரும் நடக்கிற தரைவிரிப்பைப் பற்றியும் ஒரு துணுக்கு இருந்தது. அண்மையில் சில வருஷங்கள் அது கேரளத்து ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலையில் நெய்யப்பட்டுப் போயிருக்கிறது. கற்றாழை இனத்து நார். 2025-இல் கூட அங்கிருந்துதான் போயிருக்கிறது. அத்தனை பேரிடமும் "யார் தைத்த உடை?" என்று கேட்கிற நிருபர்கள், மிதிபட்டுக் கிடந்ததிடம் மட்டும் கேட்கவில்லை. "நார்னா உதறிப் போட்டா போதும், அழுக்குத் தெரியாது" என்று அம்மா அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தாள்.

நடுப்பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தின் வீடு. இப்போது நாகரிகம் 'மினிமலிசம்' என்கிறார்கள். கிரிக்கெட் விளையாடுகிற அளவுக்குக் கூடம். அதில் ஒரு நாற்காலி, ஒரு பானை, பானையில் ஒரே ஒரு காய்ந்த குச்சி.

"பாவம்" என்றாள் மனைவி. "வீடு காலி பண்றாங்களா?"

"இல்ல. இதுதான் ஸ்டைல். எதுவும் இல்லாம இருக்கிறது."

"கல்யாணம் ஆன புதுசுல நம்ம வீடும் இப்படித்தான் இருந்துச்சு. யாரும் போட்டோ எடுக்க வரலையே."

அந்த நட்சத்திரம், நிறைய தண்ணீர் குடிப்பதும் எட்டு மணி நேரம் தூங்குவதும்தான் தன் அழகின் ரகசியம் என்று பேட்டியில் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் இந்த இரண்டையும் முப்பது வருஷமாகத் தவறாமல் செய்துவருகிற ஒருவரை நான் அறிவேன். அவர் அழகைப் பற்றிப் பேச எனக்கு அனுமதியில்லை, அவர் என் மைத்துனர்.

எளிமைதான் நாகரிகம் என்றால் மதுரைக்காரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஒரு சின்னக் குழப்பம், அந்தக் கதையில் காலரே கிடையாது. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த காந்தி, சட்டையையும் தொப்பியையும் நீள வேட்டியையும் விட்டுவிட்டு முழங்கால் அளவுத் துண்டுக்கு மாறினார். கதர் வாங்கக்கூடக் காசில்லை என்று சொன்ன ஏழைகளைப் பார்த்து எடுத்த முடிவு. அந்த உடையோடு அவர் முதலில் கூட்டத்துக்கு முன்னால் நின்ற இடத்தைக் காந்தி பொட்டல் என்கிறோம். 1931-இல் அதே துணியோடு லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போய், பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னரைப் பார்த்துவிட்டும் வந்தார். ஒரே உடை, இரண்டு கண்டம், பத்து வருஷம் கழித்தும் பழசாகவில்லை. மறக்க முடியாத உடைகள் பட்டியலில் இது எங்கே என்று பக்கம் பக்கமாகத் தேடினேன், இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "அதுல சாயமே இல்லையே, போறதுக்கு" என்றாள். அந்தப் பரீட்சையை எழுதாமலே தேறியவர் அவர் ஒருவர்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் படுத்த பின், கடைசிப் பக்கங்களுக்கு வந்தேன். கட்டம் போட்ட துணி மறுபடி நாகரிகமாகிறது என்று ஒரு கட்டுரை. 2018-இல் ஸாரா கம்பெனி லண்டன் கடைகளில் 69.99 பவுண்டுக்கு ஒரு பாவாடை விற்றதும், அதைப் பார்த்தவர்கள் "இது எங்க தாத்தா கட்டுற லுங்கி ஆச்சே" என்று சிரித்ததும் அதில் இருந்தது. அன்றைய கணக்கில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். நான் அப்போது கட்டியிருந்தது நூற்றைம்பது ரூபாய்க் கைலி. முதல் தடவையாக அதை மரியாதையோடு குனிந்து பார்த்தேன். இடுப்பில் இன்னும் கொஞ்சம் கெட்டியாக முடிந்துகொண்டேன், இனி அது அவிழ்ந்தால் நஷ்டம் அதிகம்.

அதற்கடுத்த கதைதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க ஜவுளி வியாபாரி சென்னைக்கு வருகிறார். பின்னாளில் லீலா ஹோட்டல்களை ஆரம்பித்த கேப்டன் கிருஷ்ணன் நாயர் அப்போது துணி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். கட்டம் போட்ட கைத்தறித் துணியைக் காட்டுகிறார். ஜேக்கப்சனுக்குப் பிடித்துப்போகிறது. கஜம் ஒரு டாலர் என்று பத்தாயிரம் கஜம். பச்சைத் தண்ணீரில், மெதுவாக, தனியாக அலச வேண்டும் என்று நாயர் சொல்லி அனுப்பியும், அந்தச் செய்தி அமெரிக்கக் கடை வரை போய்ச் சேரவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாகவும் கோட்டாகவும் வாங்கியவர்கள், அதை மற்ற துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டார்கள். அவ்வளவுதான். சாயம் போயிற்று. சிவப்பு மஞ்சளில் கலந்து, நீலம் பச்சையில் கலந்து, பக்கத்துத் துணிகளும் கட்டம் போட்டுக்கொண்டன. வாங்கியவர்கள் கொதித்தார்கள், வழக்குப் போடுவேன் என்று மிரட்டல் வந்தது.

இந்த இடத்தில் அம்மாவாக இருந்தால் விரலைத் தூக்கிக் காட்டி, பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அடுத்த மூன்று தலைமுறைக்கு அந்தக் கடைப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு போட்டிருப்பாள். அமெரிக்காவில் என்ன செய்தார்கள்? ஒரு பத்திரிகையைக் கூப்பிட்டார்கள். 'செவன்டீன்' என்ற பெண்கள் பத்திரிகை பக்கம் பக்கமாக ஒரு கட்டுரை போட்டது. இந்தியாவிலிருந்து வந்த அதிசயக் கைத்தறி, ஒவ்வொரு சலவையிலும் புது நிறம் எடுக்கும், இன்றைக்குப் போட்ட சட்டை நாளைக்கு வேறு சட்டை என்று. துணிக்கு 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று பெயரே விழுந்துவிட்டது. சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று விளம்பரமும் செய்தார்கள். வழக்குப் போட நின்ற கூட்டம் துணி வாங்க வரிசையில் நின்றது. சாயம் போகாத துணியை வாங்கியவன் ஏமாந்தவன் ஆனான்.

ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாகச் சிரித்தேன். நாற்பது வருஷம் சலூன் பெஞ்சில் படித்த அத்தனை பத்திரிகைக்கும் அப்போதுதான் எனக்கு விளக்கவுரை கிடைத்தது. எங்கள் தெருவில் 'சாயம் வெளுத்துப்போச்சு' என்றால் அந்த ஆள் ஊரைவிட்டே போகவேண்டியதுதான். பத்திரிகையில் சாயம் வெளுப்பதுதான் வியாபாரமே. நடிகை சேலையில் அழகாக நிற்கிற படத்தை ஒரு நிமிஷம் பார்க்கிறோம். அவர் யாரோடு மலையோர ஊருக்குப் போனார் என்பதை ஒரு வாரம் எண்ணிப் பார்க்கிறோம். ஜிப் ஏறாத பொடி எழுத்தைத்தான் என் வீட்டில் எல்லோரும் குனிந்து படித்தோம், 48 லட்சம் டாலரை அல்ல. ஆக, சாயம் போகுமா என்று அம்மா பயந்து கேட்ட அதே கேள்வியைத்தான் நானும் இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். அவள் போகக் கூடாதே என்று கேட்டாள். நான் எப்போது போகும் என்று கேட்டேன்.

கல்யாணத்தன்று காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். வெள்ளைச் சட்டை, மயில்கண் வேட்டி, கறுகறுவென்று தலை. "மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று ஒரு பாட்டி என்னைப் பார்த்தே கேட்டாள். மனைவியின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை என் சம்பள உயர்வுகள் எதுவும் வரவழைத்ததில்லை. மண்டபத்தில் மின்விசிறிகள் வீடியோக்காரரின் விளக்குகளோடு போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தன. பெண்ணுக்கு மாமா முறை செய்ய ஓமப்புகைக்குப் பக்கத்தில் என்னை அரைமணி நேரம் நிறுத்திவைத்தார்கள். குடும்பப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். புகைப்படக்காரர் ஒரு கண்ணை மூடியவர், மூடியபடியே, "சார், காதுகிட்ட ஏதோ ஒழுகுதே" என்றார்.

மனைவி திரும்பினாள். அவள் கண் காதிலிருந்து கழுத்துக்கு இறங்கி, கழுத்திலிருந்து காலருக்கு இறங்கியது. வெள்ளைக் காலரில் கறுப்பு, கரையில் பழுப்பு, நடுவில் ஒரு ஊதா. ஒவ்வொரு வியர்வைக்கும் புது நிறம். "இது மெட்ராஸ் துணி மாதிரி, அமெரிக்காவுல இதுக்கு..." என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் அமெரிக்கா அங்கேயே நின்றுவிட்டது. தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை இழுத்து என் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினாள். கிம் கர்தாஷியனின் சால்வை எதற்கு என்று எனக்கு முழுதாகப் புரிந்தது அப்போதுதான்.

முன்வரிசை நாற்காலியிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். அவசரமே இல்லாமல் அங்கவஸ்திரத்தை விலக்கினாள். விரலை நாக்கில் தொட்டு நனைத்து, என் காதோரம் நாலு தேய்ப்புத் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"கேரண்டிம்மா" என்றேன்.

"வீட்டுக்குப் போனதும் தனியா அலசு" என்றாள்.